ஸ்பானிஷுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஆங்கிலத்தை உட்கார வைக்காதீர்கள்

மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை ராமநாதபுரம் கடலோரத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் தாளாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் சங்கத்தாருக்கும்

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தெருப் பெண்பிள்ளை ஒருத்தி மூச்சு வாங்க என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் இந்த ஆண்டுதான் ஸ்பானிஷ் ஆரம்பித்திருக்கிறார்கள். "மிஸ், நான் ஸ்பானிஷ்ல பேசிக் காட்டவா?" என்றாள். காட்டு என்றேன். கையைக் கட்டிக்கொண்டு, ஆண்டுவிழாவில் திருக்குறள் ஒப்பிக்கும் குரலில், "யோ சோய் தியெஸ்" என்றாள்.

தனக்குப் பத்து வயது என்று சொல்ல வந்திருக்கிறாள். சொன்னதோ "நான் பத்து" என்று. "தமிழ்ல சொல்லும்மா, உனக்கு என்ன வயசு?" என்றேன். "எனக்குப் பத்து வயசு." தமிழில் எந்தப் பிள்ளையும் "நான் பத்து" என்று சொல்லாது. ஸ்பெயின் பிள்ளையும் சொல்லாது. அங்கே "தெங்கோ தியெஸ் ஆஞோஸ்" என்பார்கள். என்னிடம் பத்து ஆண்டு இருக்கிறது என்று அர்த்தம். "எனக்குப் பத்து வயசு" என்பதும் இதுவும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளை லண்டனைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏனென்றால் அவள் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, மிஸ்ஸும் ஆங்கிலத்தில்தான் விளக்குகிறார். "ஐ ஆம் டென்" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக மாற்றி அடுக்கியிருக்கிறாள்.

இந்த மடல் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிகளில் 1968 முதல் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கை இருக்கிறது. அதை அசைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை பெயர் சொல்லிக் குறிப்பிடும் அயல்மொழிகளில் ஸ்பானிஷும் ஒன்று. அந்தச் சண்டைக்குள்ளும் போகவில்லை. உங்களில் சிலர் வருகிற ஜூனில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஸ்பானிஷ் என்று வாசலில் தட்டி வைத்துவிட்டீர்கள். சரி, வைத்தது வைத்தாயிற்று. எப்படிச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

நான் கீழக்கரையில் பிறந்தவள். கல்யாணமாகி டெல்லி போன இடத்தில், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் செர்வாந்தெஸ் மையத்தில் சேர்ந்தேன். ஸ்பானிஷைப் பரப்புவதற்கென்று ஸ்பெயின் அரசு 1991-இல் தொடங்கிய நிறுவனம் அது; டெல்லியில் அதன் கிளை 2009-இல் வந்தது. அப்புறம் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு ஆண்டு ஸ்பானிஷ் நடத்தினேன். நீங்கள் இப்போது செய்யப்போகும் எல்லாத் தப்பையும் நான் அந்த எட்டு ஆண்டில் செய்து முடித்துவிட்டேன். இன்று மண்டபத்தில், சனிக்கிழமை காலையில், மொட்டை மாடியில் இருபது பிள்ளைகள் வருகிறார்கள். வேதாளை, மரைக்காயர்பட்டினம், பாம்பன், தங்கச்சிமடம் என்று நாலா பக்கமிருந்தும். கட்டணம் கிடையாது. காற்று அடித்தால் நோட்டு பறக்கும், அதுதான் ஒரு தொந்தரவு.

இந்த மாடிக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சென்னைப் பள்ளியில் "எனக்குக் கடல் பிடிக்கும்" என்பதைச் சொல்லித்தர மூன்று வாரம் ஆகும். ஆங்கிலத்தில் "ஐ லைக்" என்று "நான்" முன்னால் வரும். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் "யோ குஸ்தோ" என்று எழுதுவார்கள். தப்பு. ஸ்பானிஷில் "மே குஸ்தா எல் மார்." எனக்கு, பிடிக்கும், கடல். "நான்" அங்கே எழுவாயே இல்லை, கடல்தான் எழுவாய். நாலாம் வேற்றுமை என்று நாம் படித்தோமே, "கு" உருபு, அதுதான் அந்த "மே". மாடியில் இதைத் தமிழில் சொன்னேன். அன்றைக்கே முடிந்தது. "மே துவேலே லா கபேசா" என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. அப்படியே நம் வாக்கியம். தலைதான் வலிக்கிறது, எனக்கு வலிக்கிறது. ஆங்கிலத்தில்தான் "ஐ ஹேவ் எ ஹெட்ஏக்" என்று தலைவலியைக் கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அன்று வகுப்பு முடிந்து இறங்கும்போது ஒருவன் வயிறு, ஒருத்தி பல், ஒருவன் முழங்கால் என்று ஆளாளுக்கு வலியைச் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். ஏதோ ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருந்தது.

வினைச்சொல்லும் அப்படித்தான். ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் பேசுகிறாய், ஆப்லா பேசுகிறாள், ஆப்லாமோஸ் பேசுகிறோம். யார் பேசுவது என்பது சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ஆகவே "நான்", "நீ" எல்லாம் தேவைப்பட்டால்தான் வரும், தமிழில் வருவது போல. ஆங்கிலப் புத்தகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "யோ, யோ" என்று போட்டுப் பழக்குகிறது. அதைப் படித்த பிள்ளை ஸ்பானிஷ்காரர் காதில் "நான்தான் சாப்பிட்டேன், நான்தான் தூங்கினேன்" என்று பேசுவது போல விழும். "பேசுறோம், ஆப்லாமோஸ், ரெண்டு வால்லயும் ம் இருக்கு மிஸ்" என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். தற்செயல்தான், இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. போகட்டும், அவனுக்கு மறக்காது.

"தூ", "உஸ்தெத்" என்று நீயும் நீங்களும் தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் யாவரும் "யூ". பெரியவர்களை "நீ" என்று கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும் என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் "இருக்கிறார்". வாப்பா மீனவர் என்றால் "எஸ்", வாப்பா கடலில் இருக்கிறார் என்றால் "எஸ்தா". ஆங்கிலம் படித்த உலகம் முழுக்க இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறது, ஏனென்றால் அங்கே இரண்டுக்கும் "இஸ்" ஒன்றுதான். தமிழில் முதல் வாக்கியத்தில் வினையே இல்லை, இரண்டாவதில் "இருக்கிறார்" வருகிறது. "இருக்கு வந்தா எஸ்தா" என்று மாடியில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறோம். எல்லா இடத்திலும் செல்லாது. "அழகாக இருக்கிறாள்" என்ற இடத்தில் காலை வாரிவிடும். முதல் ஆண்டுக்கு அது போதும்.

உச்சரிப்பைச் சொல்லவே வேண்டாம். அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர். எழுதியபடி வாசிக்கலாம். ஆங்கிலேயர் மூச்சை ஊதி ஊதிச் சொல்லும் ப, த, க எல்லாம் ஸ்பானிஷில் நம்முடையது போல ஊதாமல் வரும். "பெரோ" என்றால் ஆனால். "பெர்ரோ" என்று நாக்கை உருட்டினால் நாய். அரை, அறை என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு ர-வில் இரண்டு உண்டு என்பது புதிய சேதியா? ஞ-வும் உண்டு. அதற்கென்று ந-வின் தலையில் ஒரு அலைக்கோடு போட்ட எழுத்தே இருக்கிறது. நாளை என்பது மஞானா. அதை "மனானா" என்று சொல்லித்தந்த வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறு, ஞாபகம் என்று தினமும் சொல்லும் வாய்க்கு ஞ வராதா என்ன? ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லை, அதனால் பாடத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு பள்ளியில் கணினியில் அலைக்கோடு அடிக்கத் தெரியாமல், வயது கேட்கும் பயிற்சித்தாளில் அதை விட்டுவிட்டு அச்சடித்து முப்பது பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறார்கள். "ஆஞோஸ்" என்பது ஆண்டுகள். அலை போனால் அது உடம்பில் நாம் பொதுவில் பேசாத ஒரு இடத்தின் பெயர். பத்து இருக்கிறது என்று முப்பது பிள்ளைகளும் அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கி வந்திருந்தார்கள். தாளைத் தயாரித்த ஆசிரியைக்கு இதுவரை தெரியாது என்று நினைக்கிறேன். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு சில நாள் பயிற்சி கொடுத்து, ஆங்கில கைடு ஒன்றைக் கையில் திணித்து, திங்கட்கிழமை வகுப்புக்கு அனுப்பியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாமே தமிழ் போல என்று நான் சொல்ல வரவில்லை. சொல் வரிசை வேறு. நமக்குப் பின்னால் ஒட்டும் உருபெல்லாம் அங்கே முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண். மேசை பெண்பால் என்று சொன்ன அன்று மாடியே சிரித்தது. "அதுக்குக் காது குத்தியாச்சா மிஸ்?" நமக்குத் திணை முதலில், பால் அப்புறம், அஃறிணையில் ஆண் ஏது, பெண் ஏது? இதைத் தமிழ் இலக்கணத்தை வைத்துத்தான் விளக்கினேன். அந்த மொழியில் அஃறிணை என்ற அறையே கிடையாது, அதனால் மேசையும் நாற்காலியும் உயர்திணை வீட்டுக்குள் வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டன என்று. சிரிப்பு அடங்கவில்லை, ஆனால் புரிந்துகொண்டார்கள்.

கடலுக்கு வந்தபோது ஒன்று நடந்தது. கடல், "எல் மார்", ஆண்பால். பாம்பன் பிள்ளை ஒருத்தி எழுந்து, "எங்க அப்பா கடலம்மான்னுதான் சொல்லுவாரு, அது எப்படி ஆம்பள?" என்றாள். நியாயம்தானே. ஸ்பெயினில் கரையில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் "எல் மார்" என்பார்கள். மீனவர்களும் மாலுமிகளும் "லா மார்" என்று பெண்ணாக்கித்தான் பேசுவார்கள் என்று சொன்னேன். "அப்ப நாங்க லா மார்தான் சொல்வோம்" என்று அங்கேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள். இன்றுவரை என் மாடியில் கடல் பெண்தான். பாடப்புத்தகம் போட்டவர்கள் இதைத் தப்பு என்று சுழித்தால், தயவுசெய்து மார்க்கைக் குறைக்காதீர்கள்.

அதே போல மீன். தண்ணீரில் நீந்தும்போது அது "பெஸ்." பிடித்து வந்துவிட்டால் "பெஸ்காதோ", அதாவது பிடிபட்டது. நகரத்துப் பிள்ளைக்கு இது இரண்டு சொல், எழுதி மனப்பாடம் செய்வான். இங்கே ஒரு பையன் கேட்டான்: "வலைக்குள்ள உயிரோட துடிச்சுக்கிட்டு இருக்கு, இன்னும் தூக்கல. அப்ப எது?" எனக்குத் தெரியவில்லை. அதை ஒரு ஸ்பானிஷ் மீனவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, பனிமனிதன் படமும் ஸ்ட்ராபெரி படமும் போட்ட புத்தகத்தை ஏன் வாங்குகிறீர்கள்? கணவாய்க்கு "கலமார்" என்று பெயர் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்றுக்கு "லெவாந்தே", மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கு "பொனியென்தே." ஸ்பெயினின் தெற்குக் கரை முழுக்க இந்த இரண்டு காற்றையும் பற்றித்தான் பேச்சு. அலைக்கு "ஓலா". எழுத்தில் முன்னால் ஒரு ஒலிக்காத எழுத்தைச் சேர்த்தால் அதே "ஓலா" வணக்கமும் ஆகிவிடும். முதல் நாள் நான் "ஓலா" என்றபோது "டாக்சியா மிஸ்?" என்றார்கள். கடலைக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாருக்கும் மறுபடி சொல்லித்தர நேரவில்லை. கட்டுமரமும் அந்த மொழிக்குள் "கத்தமரான்" என்று போய் உட்கார்ந்திருக்கிறது, மாங்காய் "மாங்கோ" ஆகியிருக்கிறது என்று சொன்ன அன்று சந்தோஷத்தில் ஒருவனுக்கும் தலைகால் புரியவில்லை.

மதரசா போகும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் அவர்கள் நிறையப் பேர். அவர்கள் கையில் ஒரு சாவி இருக்கிறது. அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஸ்பெயினில் 711 முதல் 1492 வரை ஏதாவது ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. அந்தக் காலத்தில் அரபுச் சொற்கள் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பானிஷுக்குள் போய்த் தங்கிவிட்டன. சுக்கர், "அசூக்கார்." குத்ன், "அல்கொதோன்", பருத்தி. ஸைத், "அசெய்தே", எண்ணெய். ருஸ், "அர்ரோஸ்", சோறாக்கும் அரிசி. எங்கள் உம்மம்மா எதற்கெடுத்தாலும் இன்ஷா அல்லாஹ் என்பார்கள். ஸ்பெயினில் தேவாலயத்துக்குப் போகிற பாட்டியும் அதே அரபு வேரில் வந்த "ஒஹலா" என்ற சொல்லைத்தான் சொல்கிறார், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே. ஆங்கிலப் பிள்ளைகள் தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பழகும் அந்த "ஹ" ஒலி, ஓதப்போன பிள்ளைக்கு ஏழு வயதிலேயே வரும்.

இன்னொன்று, கீழக்கரைக்காரர்களுக்காக. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் காலத்து அரபுத்தமிழ்க் கிதாபுகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. அதே வேலையை ஸ்பெயினில் மொரிஸ்கோ மக்கள், அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்கள், செய்தார்கள். ஸ்பானிஷ் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அல்ஹமியாதோ என்று பெயர். இந்த ஊர்ப் பிள்ளைக்கு ஸ்பானிஷின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமானால் கொலம்பஸ் கப்பலிலிருந்து தொடங்க அவசியமில்லை. பரணிலிருந்து தொடங்கலாம்.

தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு வாசல். 1542-இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் பகுதியில் பிறந்தவர். அவருடைய தாய்மொழி பாஸ்க். தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி அவர்களோடு சேர்த்துச் சொன்னார். பெரியவர்களுக்கு அதைப் பிள்ளைகள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சமயத்தை விடுங்கள், முறையைப் பாருங்கள். அவர் புத்தகம் கொடுத்துப் பரீட்சை வைக்கவில்லை. வாய், காது, கூட்டம்.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். நானே சிறுவயதில் ஓதியவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், ராகம் பிசகாது, ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. ஓதுவதற்கு அந்த வழி சரி, அதன் நோக்கம் வேறு. பேசுவதற்கு மொழி கற்கும்போது அதே வழியில் போனால், ஆண்டுவிழா மேடையில் "புவெனோஸ் தியாஸ்" பாட்டுப் பாடிவிட்டு இறங்கியதும் "உன் பெயர் என்ன" என்ற கேள்விக்கு விழிக்கும் பிள்ளைகள்தான் மிச்சம்.

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் ஒரு முறையை எழுதி வைத்தார். குழந்தை பேசுவதற்கு முன்னால் கேட்டு நடக்கிறது: "வா" என்றால் வரும், "எடு" என்றால் எடுக்கும். அப்படியே புதுமொழியையும் முதலில் உடம்பால் கேட்கவிடுங்கள், வாய் தன் நேரத்தில் திறக்கும் என்றார். நான் மாடியில் அதைத்தான் செய்கிறேன். எழுந்திருங்கள், உட்காருங்கள், ஓடுங்கள், குதியுங்கள், எல்லாம் ஸ்பானிஷில். நோட்டு கிடையாது.

வேதாளையிலிருந்து வரும் ஒரு பையன் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் வகுப்பு. குதி என்றால் குதிப்பான், ஓடு என்றால் ஓடுவான், ஒரு சொல் வராது. ஒருநாள் "எச்சென் லா ரெத்" என்றேன், வலையை வீசுங்கள். எல்லாரும் குப்பை கொட்டுவது போல இரண்டு கையையும் முன்னால் உதறினார்கள். இவன் மட்டும் வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டான், இல்லாத வலையைத்தான். ஒரு மடிப்பை இடது முழங்கையில் போட்டான், மிச்சத்தை வலது கையில் அள்ளினான், இடுப்பைத் திருப்பி, ஒரு அரைவட்டம் சுற்றி விட்டெறிந்தான். பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து எரிச்சலோடு சொன்னான்: "நோ. அசீ." இல்லை, இப்படி. நான்கு மாதத்தில் அவன் பேசிய முதல் ஸ்பானிஷ் அது. இலக்கணம், உச்சரிப்பு, தேவை மூன்றும் சரியாக இருந்தது. உங்கள் வகுப்பில் அவன் அந்த நான்கு மாதத்தில் இரண்டு பரீட்சை எழுதி இரண்டிலும் பூஜ்யம் வாங்கியிருப்பான்.

சரி, கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம் என்று அட்டவணையில் பார்த்தேன். ஆண்டுக்கு 35 வாரம் நடந்தால் 23 மணி நேரம். மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை ஆறு ஆண்டு முழுதாக நடந்தாலும் 140 மணி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தர ஒதுக்குவது 600 மணி நேரத்துக்கு மேல். அவர்கள் பெரியவர்கள், முழுநேரம் அதே வேலையாக உட்காருபவர்கள், அவர்களுக்கு அது எளிய மொழிகளின் வரிசையில் வேறு வருகிறது. மயாமி நகரில் கோரல் வே என்ற தொடக்கப்பள்ளியில் 1963-இல் பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம் என்று நடத்தினார்கள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகள் பக்கத்து பெஞ்சில் இருந்தார்கள். உச்சிப்புளியில் அப்படி யார் இருக்கிறார்கள்? ஆகவே "சரளமாகப் பேசுவார்கள்" என்று தட்டியில் போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். தன்னைப் பற்றி, வீட்டைப் பற்றி, கடலைப் பற்றிப் பயமில்லாமல் பத்து நிமிடம் பேசுவார்கள் என்று போடலாம். அது நடக்கும். அதுவும் அந்த 40 நிமிடத்தை மொத்தமாக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கொட்டாமல், தினம் எட்டு நிமிடமாகப் பிரித்தால்.

ஆறாம் வகுப்பு விவகாரம் இன்னும் மோசம். தொடக்கப்பள்ளி ஒரு ஆசிரியை, நடுநிலைக்கு வேறொருவர். புதியவர் வந்ததும் பழையது தெரியாது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள், எல்லாரையும் உட்காரவைத்து மறுபடி "ஓலா", மறுபடி ஒன்று இரண்டு மூன்று, மறுபடி நிறங்கள். மூன்று ஆண்டு படித்த பிள்ளை அன்றைக்கே மொழியை மூடிவைத்துவிடும். சென்னையில் நான் அந்தப் புதியவராக இருந்திருக்கிறேன். பின்வரிசையில் ஒருத்தி என்னைப் பார்த்து விட்ட கொட்டாவி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு ஆசிரியரையாவது ஐந்திலும் ஆறிலும் சேர்த்து வையுங்கள். முடியாவிட்டால் மூன்றாம் வகுப்பில் தொடங்கவே வேண்டாம், ஆறில் தொடங்குங்கள். சின்னப் பிள்ளைக்கு வாய் நன்றாக வளையும், ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை இலக்கணத்தைச் சீக்கிரம் பிடிக்கும். தாமதமாகத் தொடங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று தெரியும். தமிழில் விளக்கினால் தமிழ் எழுத்திலேயே எழுதிப் படிப்பார்களே என்று. விடக்கூடாது. விளக்கம் தமிழில், எழுத்து அதன் எழுத்தில். இந்த மடலில் நான் தமிழ் எழுத்தில் போடுவது உங்கள் வசதிக்காக. நம் எழுத்தில் ப ஒன்றுதான். ஸ்பானிஷில் அழுத்தி "பெசோ" என்றால் எடை, சில நாடுகளில் பணத்தின் பெயரும். மெதுவாக, பஸ் என்பதன் ப போலச் சொன்னால் முத்தம். கடையில் பத்து பெசோ கொடுங்கள் என்று கேட்கப் போய் அடி வாங்கக் கூடாது. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இந்த வித்தியாசம் ஒரே நாளில் மனசில் பதிந்துவிட்டது, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. "ஸ்பானிஷ் படித்தால் ஸ்பெயினில் வேலை" என்று ஒரு பள்ளிக் கூட்டத்தில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். நம் கணவாய் ஸ்பெயினுக்குப் போகிறது, உண்மை. நம் இறால் பண்ணைகளில் வளரும் வன்னாமை கூட மெக்சிகோவிலிருந்து பெரு வரையுள்ள பசிபிக் கரையைச் சேர்ந்தது. உலகச் சந்தையில் நமக்குப் போட்டி ஈக்வடார். இருபது நாடுகளில் ஆட்சிமொழி, தாய்மொழியாகப் பேசுவோர் ஏறத்தாழ 50 கோடி. எல்லாம் சரி. ஆனால் ஏற்றுமதிக் கம்பெனிக் கடிதமெல்லாம் இன்று ஆங்கிலத்திலேயே ஓடுகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் வாப்பாவிடம், வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பும் மனிதரிடம், விசாவைக் காட்டிக் கூடுதல் கட்டணம் வாங்குவது நல்ல வேலை இல்லை. சொல்லிவிட்டேன்.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் ஒன்றும் இல்லை. ஆசிரியைகளிடம் தமிழில் விளக்கலாம் என்று சொல்லுங்கள். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற பலகையை ஸ்பானிஷ் வகுப்பு நடக்கும் அந்த எட்டு நிமிடத்துக்காவது திருப்பி வையுங்கள். ஐந்தாம் வகுப்பு முடியும் வரை மதிப்பெண் வேண்டாம். முதல் அரையாண்டு நோட்டு வேண்டாம். தமிழையும் ஸ்பானிஷையும் நேருக்கு நேர் வைத்து நான் எழுதிய நாற்பது பக்கப் பாடக்குறிப்பு இருக்கிறது, கையெழுத்துப் பிரதிதான். எந்தப் பள்ளி வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆசிரியைகளுக்கு மே மாதம் ஒரு வாரம் நானே வந்து நடத்தவும் தயார். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள், அவர்களையும் வைத்துக்கொண்டே நடத்தலாம்.

அதற்கு முன்னால் ஒருமுறை சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மாடிக்கு வாருங்கள். செருப்பைக் கீழ்ப்படியில் விடுங்கள், மேலே காற்றில் நிற்காது. பிள்ளைகள் உங்களிடம் வயது கேட்பார்கள். நீங்கள் பெரியவர்கள் என்பதால் "உஸ்தெத்" போட்டுத்தான் கேட்பார்கள். பதில் சொல்லாமல் உட்கார விடமாட்டார்கள். "எனக்கு" என்று தமிழில் ஆரம்பித்து யோசியுங்கள், அந்தப் பத்து வயதுக்காரி பக்கத்தில் நின்று மிச்சத்தை எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு இப்போது சரியாக வருகிறது.

இப்படிக்கு,
மண்டபம் மாடி வகுப்பின் ஸ்பானிஷ் டீச்சர்